பிகாசாவும் ஆயா சொன்ன பேர்களும்

போன வாரம் பரண் மேல இருந்து ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்தேன். தூசி தட்டி, அதுக்கான கேபிளைத் தேடிப் பிடிச்சு சொருகினா, நல்ல வேளை, ஓடுச்சு. உள்ள ஒரே ஒரு ஃபோல்டர். வீட்டுல இருந்த பழைய ஃபோட்டோ எல்லாத்தையும் 2009, 2010ல உக்காந்து ஸ்கேன் பண்ணி வெச்சது. அறுநூத்திச் சொச்சம் படம்.

அதுல ஒண்ணு, 1967ல ராணிப்பேட்டையில ஒரு தோல் ஷாப்பு வாசல்ல எடுத்த குரூப் ஃபோட்டோ. பதினாலு பேர். நடுவுல நாற்காலியில உக்காந்திருக்கறவர் முதலாளி. பின் வரிசையில இடது கோடியில ஒல்லியா, சட்டையில மேல் பட்டன் வரைக்கும் போட்டுக்கிட்டு நிக்கறது எங்க தாத்தா. இந்த பதினாலு பேருக்கும் ஒரு காலத்துல என் கம்ப்யூட்டர்ல பேர் இருந்துச்சு. இப்போ அஞ்சு பேருக்குத்தான் இருக்கு.

மிச்சம் ஒம்பது பேரோட பேர் எங்க போச்சு? அந்தக் கதையைத்தான் எழுதப் போறேன். ஆனா அது என் வீட்டுக் கதையா மட்டும் நிக்கல. ஃபோட்டோ அடுக்கி வெக்கிற மென்பொருள்ல புதுப் பதிப்பு வந்தப்பல்லாம் ஜனங்க எதுக்கு மயங்கினாங்க, எதுக்கு சண்டை போட்டாங்க, எதைக் கவனிக்காம விட்டாங்கங்கற வரலாறும் கூடவே வருது. பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்துடுங்க :-)

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

ஃபிலிம் ரோல் காலத்துல ஃபோட்டோவை அடுக்கறதுக்கு யாரும் வகுப்பு எடுக்கல. ஒரு ரோலுக்கு 36 படம். கழுவி, பிரிண்ட் போட்டு, ஆல்பத்துல சொருகணும். படத்துக்குப் பின்னாடி பென்சில்ல யாரு, எங்க, எப்போன்னு எழுதணும். அவ்வளவுதான். ஸ்டூடியோவுல எடுத்த படமா இருந்தா அட்டைக்குப் பின்னாடி ஸ்டூடியோ முத்திரையும் இருக்கும். எங்க வீட்டுல இருக்கற பழைய அட்டைகள்ல முத்திரைக்குக் கீழ ‘வட ஆற்காடு’ன்னு போட்டிருக்கும். படமும் விவரமும் ஒரே காகிதத்தோட முன்பக்கம், பின்பக்கம். ஒண்ணைத் தொலைக்காம இன்னொண்ணைத் தொலைக்க முடியாது. இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி வேணும்.

டிஜிட்டல் கேமரா வந்ததும் முதல்ல தொலைஞ்சது இந்தப் பின்பக்கம்தான். கேமரா தர்ற பேர் ஒரு எண். கல்யாணத்துக்கு நானூறு எண், திருப்பதி மொட்டைக்கு நூறு எண். காட்பாடியில சித்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு ஸ்டூடியோ அண்ணன் இருந்தார். அவர் கம்ப்யூட்டர்ல ஏசிடிசீதான். 1994ல வந்த மென்பொருள் அது. ஒவ்வொரு படமா அம்புக்குறியைத் தட்டித் தட்டிப் பாக்கலாம். வேகமா இருக்கும். அதுவரைக்கும் நம்ம ஊர்ல பல பேருக்கு ஃபோட்டோ மென்பொருள்னாலே அதுதான்.

அப்புறம் வந்துச்சு பிகாசா.

2002ல லைஃப்ஸ்கேப்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி பண்ணினது. பிகாசோங்கற ஓவியர் பேரையும், ஸ்பானிஷ்ல ‘என் வீடு’ங்கறதுக்கான சொல்லையும் சேர்த்து உருட்டின பேர்னு சொல்வாங்க. முதல்ல காசுக்கு வித்தாங்க. 2004 ஜூலையில கூகுள் வாங்கி இலவசமாக் குடுத்துடுச்சு. 2005 ஜனவரியில இரண்டாம் பதிப்பு. நம்மள்ல பாதிப் பேரு பிகாசாவைப் பாத்தது அந்தப் பதிப்புலதான்.

அப்ப ஜனங்க சொன்னது ரெண்டு விதம். ஒண்ணு, ஆச்சரியம். நிறுவின உடனே கம்ப்யூட்டர் முழுக்கத் துழாவி, எந்த மூலையில படம் இருந்தாலும் இழுத்துக்கிட்டு வந்து தேதிவாரியா அடுக்கிடும். ‘ஐயாம் ஃபீலிங் லக்கி’ன்னு ஒரு பொத்தான். இருட்டா இருக்கற படத்துல அதை அழுத்தினா வெளிச்சம் வந்துடும். போட்டோஷாப் தெரியாதவனும் கலைஞன் ஆயிட்டான்.

இன்னொண்ணு, பயம். அதே துழாவலால வந்த பயம். ஒரே கம்ப்யூட்டரை வீட்டுல நாலு பேர் பாக்கற காலம். யாரு எங்க என்ன படத்தை ஒளிச்சு வெச்சிருந்தாலும் பிகாசா நடு ஹால்ல கொண்டாந்து போட்டுடும். எத்தனை வீட்டுல இதனால பஞ்சாயத்து நடந்துச்சோ :-)

மூணாவதா ஒரு புகாரும் இருந்துச்சு. அதை ஸ்டூடியோ அண்ணன் வாயால கேட்டேன். “தம்பி, எல்லாரும் பென் டிரைவ்ல கொண்டு வர்றாங்க. வீட்டுல வெளிச்சம் பண்ணிட்டோம், ஓரம் வெட்டிட்டோம்ங்கறாங்க. இங்க போட்டுப் பாத்தா பழைய படம்தான் இருக்கு. என்னைத் திட்டறாங்க.”

அவர் மேல தப்பு இல்ல. பிகாசாவுல ஒரு படத்தை வெட்டினா, அசல் ஃபைலை அது தொடாது. ‘இந்தப் படத்தை இங்க வெட்டணும், இவ்வளவு வெளிச்சம் கூட்டணும்’னு ஒரு குறிப்பை மட்டும் அதே ஃபோல்டர்ல ஒரு சின்ன மறை ஃபைல்ல எழுதி வெச்சுக்கும். திரையில காட்டும்போது குறிப்பைப் படிச்சு, வெட்டின மாதிரி காட்டும். ‘சேவ்’ அழுத்தினாத்தான் படத்துல நிஜமா ஏறும். அசலைக் கெடுக்காத நல்ல யோசனைதான். ஆனா நாம பாக்கறது வேற, ஃபைல்ல இருக்கறது வேற. இந்த இடைவெளியைப் பத்தி அப்பவே ஸ்டூடியோ அண்ணன் சொன்னார். நான் சிரிச்சுக்கிட்டு விட்டுட்டேன்.

2006 ஜூன்ல பிகாசா வெப் ஆல்பம் வந்துச்சு. பதிவர்களுக்கு இது சொந்தக் கதை. பிளாகர்ல பதிவுக்கு ஏத்தற படமெல்லாம் நமக்கே தெரியாம அங்கதான் போய் உக்காந்துச்சு. ஆல்பத்துல இடம் அடைக்குதேன்னு சுத்தம் பண்ணினவங்க, மறுநாள் தங்களோட பழைய பதிவெல்லாம் படம் இல்லாம ஓட்டை ஓட்டையா நிக்கறதைப் பாத்து தலையில கை வெச்சாங்க. 2007ல ‘தமிழில் புகைப்படக்கலை’ கூட்டுப் பதிவு ஆரம்பிச்சப்புறம் மாசாமாசம் போட்டி. ‘பிற்தயாரிப்பு’ங்கற வார்த்தையை நானெல்லாம் அங்கதான் கத்துக்கிட்டேன். காட்பாடி ஜங்ஷன் நடைமேடையில நின்னு எடுத்த ரயில் படத்தை பிகாசாவுல வெட்டி, கறுப்பு வெள்ளையா மாத்தி, பெரிய ஆளு மாதிரி நினைச்சுக்கிட்ட காலம்.

2008 செப்டம்பர்ல மூணாம் பதிப்பு. அடுத்த வருஷம் 2009 செப்டம்பர்ல 3.5. நம்ம கதைக்கு முக்கியமான பதிப்பு இதுதான்.

3.5ல மூஞ்சி கண்டுபிடிக்கிற வசதி வீட்டுக் கம்ப்யூட்டருக்கே வந்துடுச்சு. இதுக்காகவே கூகுள் 2006ல நெவன் விஷன்னு ஒரு கம்பெனியை வாங்கியிருந்துச்சு. நிறுவின உடனே எல்லாப் படத்தையும் அலசி, மூஞ்சிகளை மட்டும் வெட்டி, ‘பேரில்லாதவர்கள்’னு ஒரு குவியலா வெச்சிடும். ஒரு மூஞ்சிக்குப் பேர் குடுத்தா, அதே ஆளு மாதிரி இருக்கற மத்த படங்களைக் காட்டி ‘இவரும் அவர்தானா’ன்னு கேக்கும். ஆமான்னா டிக், இல்லன்னா பெருக்கல் குறி.

அப்போ வந்த கருத்துகள் எல்லாம் ஒரே கொண்டாட்டம். மிஞ்சி மிஞ்சிப் போனா ரெண்டு குறை. அலசி முடிக்க நாள்கணக்கா ஆகுது, கம்ப்யூட்டர் மூச்சு வாங்குது. அப்புறம் சுவத்துல தொங்கற படம், காலண்டர், போஸ்டர் எல்லாத்துக்கும் பேர் கேக்குது.

அந்த சமயத்துலதான் நான் வீட்டுப் படங்களை ஸ்கேன் பண்ணிக்கிட்டிருந்தேன். ஆயா பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டாங்க. அவங்களுக்கு அப்பவே எண்பது தாண்டியாச்சு. கண்ணு மங்கல். ஆனா மூஞ்சி மட்டும் தனியா, பெருசா திரையில வந்ததும் அவங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுது.

“இன்னாடா இது, மூஞ்சிய மட்டும் வெட்டி வெட்டி வெச்சிகீது?”

“இவங்கெல்லாம் யாருன்னு கேக்குது ஆயா.”

அடுத்து வந்தது பூஜை அலமாரி முருகன். “தே, சாமிக்குப் பேர் தெரியாதாமா உன் பொட்டிக்கு?”

ரெண்டு கோடை விடுமுறை இப்படிப் போச்சு. ஆயா சொல்லச் சொல்ல நான் அடிச்சேன். அந்த 1967 குரூப் ஃபோட்டோவுக்கு மட்டும் ஒரு முழு மத்தியானம். ஒருத்தர் மேஸ்திரி. ஒருத்தர் சுண்ணாம்புக் குழியில வேலை செஞ்சு கை வெந்து போனவர். ஒருத்தர் பேர்ணாம்பட்டுல இருந்து வந்து ஷாப்புலயே தங்கினவர், தீபாவளிக்கு எங்க வீட்டுலதான் சாப்பாடு. அவங்க குடும்பமெல்லாம் இருக்கு, அதனால பேரை இங்க போடல. ஆனா பதினாலு பேருக்கும் பேர் சொன்னாங்க ஆயா. எழுதப் படிக்கத் தெரியாத மனுஷி. ஊர்ல அந்தப் பதினாலு பேரையும் தெரிஞ்ச கடைசி ஆள் அவங்கதான்னு அப்ப எனக்கு உறைக்கல.

அப்பாவுக்கு இந்த மூஞ்சி விவகாரம் பிடிக்கல. அவர் ஒரு நாள் வந்து, படத்துக்குக் கீழ இருக்கற தலைப்புக் கட்டத்துல ரெண்டு விரலால அடிக்க ஆரம்பிச்சார். தமிழ்ல அடிக்கத் தெரியாது, ஆங்கில எழுத்துலயே தமிழ். வருஷம், இடம், இடமிருந்து வலமா பேர்.

“அப்பா, அதெல்லாம் வேண்டாம்ப்பா. மூஞ்சியில பேர் போட்டாச்சுன்னா தேடினா தானா வந்துடும்.”

“படத்துக்குக் கீழ எழுதினாத்தான்டா எழுதின மாதிரி.”

குரூப் ஃபோட்டோவுக்கு அஞ்சு பேர் அடிச்சார். அதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு. மறுநாள் தொடரலாம்னார். நான்தான் ‘எல்லாம் ஏற்கனவே ஏத்தியாச்சு, விடுங்க’ன்னு சொன்னேன்.

இப்போ கொஞ்சம் உள்ளே போய், எந்தத் தகவல் எங்க எழுதப்பட்டுச்சுன்னு பாப்போம். அப்பா அடிச்ச தலைப்பை பிகாசா அந்த ஜேபெக் ஃபைலுக்குள்ளயே எழுதிடும். செய்தி நிறுவனங்கள் ஃபோட்டோவோட விவரத்தையும் சேர்த்து அனுப்பறதுக்காக 1990கள்லயே வகுத்து வெச்ச ஐ.பி.டி.சி.ங்கற முறை. படம் எங்க போனாலும் கூடவே போகும். அதாவது, காகிதத்தோட பின்பக்கம் மாதிரி.

நான் போட்ட மூஞ்சிப் பேர் அப்படி இல்ல. எந்த இடத்துல மூஞ்சி இருக்குங்கறது ஃபோல்டர்ல இருக்கற அந்த மறை ஃபைல்ல ஒரு எண்ணா இருக்கும். அந்த எண்ணுக்கு உரியவர் யாருங்கற பட்டியல் விண்டோஸ்ல என் பயனர் கணக்குக்குக் கீழ, பிகாசாவோட சொந்த ஃபோல்டர்ல இருக்கும். படத்துக்குள்ள ஒரு எழுத்து கூடக் கிடையாது. ஸ்டூடியோ அண்ணன் சொன்ன அதே இடைவெளி.

இதை அப்பவே கேட்டவங்க இருந்தாங்க. கொண்டாட்டத்துக்கு நடுவுல ஒரு சின்னக் கூட்டம், ‘பேரையும் படத்துக்குள்ளயே எழுதுங்கய்யா’ன்னு விடாமக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. 2010 ஆகஸ்ட்ல 3.8 வந்தப்ப, ‘சோதனை’ங்கற உள்பட்டியல்ல ஒரு ஓரமா, மூஞ்சிப் பேர்களை எக்ஸ்.எம்.பி.யா படத்துக்குள்ள எழுதற வசதி வந்துச்சு. 3.9ல அது அமைப்புகள் பக்கத்துக்கே வந்துடுச்சு. ஒரு டிக் அடிச்சா போதும்.

நான் அடிக்கல. 3.8ல எல்லாரும் பேசினது ‘ஃபேஸ் மூவி’யைப் பத்தி. ஒரே ஆளோட மூஞ்சியை வருஷவாரியா அடுக்கிப் படமா ஓட்டற வசதி. நானும் அக்கா பொண்ணோட மூஞ்சியை வெச்சு ஒண்ணு பண்ணி, வீட்டுல எல்லாருக்கும் ஓட்டிக் காட்டினேன். அந்த டிக் கண்ணுல பட்டும் படாமப் போச்சு.

2011 டிசம்பர்ல 3.9. கூகுள் பிளஸ் ஆரம்பிச்ச வருஷம், அதனால பகிரும் இடத்துலயெல்லாம் பிளஸ்ஸைக் கொண்டாந்து ஒட்டினாங்க. புதுசா ஏகப்பட்ட எஃபெக்ட். எஃபெக்டுக்குப் பாராட்டு, பிளஸ்ஸுக்குத் திட்டு. என் மச்சான் ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனியில சாம்பிள் பிரிவுல இருந்தான். ஒவ்வொரு சாம்பிளையும் ஃபோட்டோ எடுத்து, ஆர்ட்டிகிள் நம்பர், தோல் வகை, கலர் எல்லாம் தலைப்புல அடிச்சு வெச்சிருப்பான். வெளிநாட்டு பையர் ஃபோன்ல நம்பர் சொன்னா, பிகாசா தேடல் கட்டத்துல அடிச்சு ரெண்டே செகண்டுல படத்தை எடுத்துடுவான். 3.9 எப்படி இருக்குன்னு கேட்டேன்.

“தேடினா வருது மாப்ள. அது போதும். மத்ததெல்லாம் அவங்க சந்தோஷத்துக்குப் பண்ணிக்கறாங்க.”

இத்தனை வருஷத்துல ஒரு புதுப் பதிப்பைப் பத்தி நான் கேட்ட நேர்மையான விமர்சனம் இதுதான்.

2012 ஏப்ரல்ல லினக்ஸ் பிகாசாவை நிறுத்தினாங்க. அந்த வருஷம்தான் ஆயாவும் போய்ச் சேர்ந்தாங்க.

2013ல என் கம்ப்யூட்டர் தவங்கித் தவங்கி நிக்க, ஃபார்மேட் பண்ணலாம்னு முடிவு பண்ணினேன். அனுபவசாலி ஆச்சே, முதல்ல பேக்கப். ஃபோல்டரைத் திறந்து ஜேபெக் ஃபைல்களை மட்டும் தேர்ந்தெடுத்து வெளி டிஸ்க்ல ஏத்தினேன். எண்ணிப் பாத்தேன், ஒண்ணு குறையல. திருப்தியா ஃபார்மேட் அடிச்சேன். மறை ஃபைல் கண்ணுக்குத் தெரியாததால காப்பி ஆகல. பேர்ப் பட்டியல் சி டிரைவோட போச்சு. திரும்ப பிகாசா போட்டு டிஸ்க்கை சொருகினா, அது பழையபடி எல்லா மூஞ்சியையும் வெட்டி ‘பேரில்லாதவர்கள்’னு அடுக்கி வெச்சுட்டு, யாருன்னு கேட்டுச்சு.

பதில் சொல்ல ஆயா இல்ல.

தப்பு முழுக்க என்னோடது. மென்பொருள் மேல பழி போட ஒண்ணும் இல்ல. எந்த ஃபைல்ல என்ன இருக்குன்னு பாக்காம பேக்கப் எடுத்தது நான், டிக் அடிக்காதது நான், அப்பாவை அடிக்க விடாததும் நான். அப்பா அடிச்ச தலைப்புகள் மட்டும் ஒவ்வொரு படத்துக்கும் கீழ அப்படியே நின்னுச்சு. குரூப் ஃபோட்டோவுல அஞ்சு பேர்.

சரி, என் கதையை நிறுத்திட்டு வெளிய போவோம்.

2016 பிப்ரவரி 12ல பிகாசாவை மூடறோம்னு கூகுள் அறிவிச்சுச்சு. மார்ச் 15ல இருந்து கம்ப்யூட்டர் மென்பொருளுக்கு ஆதரவு கிடையாது, இருக்கறவங்க வெச்சுக்கலாம். மே மாசத்துல இருந்து வெப் ஆல்பமும் மூடல். அதுக்கு முந்தின வருஷம் மே மாசம் வந்த கூகுள் போட்டோஸ்தான் இனிமே. உலகம் முழுக்கப் புலம்பல். மூஞ்சிப் பேர் என்ன ஆகும்ங்கற கேள்வி அப்பத்தான் பல பேருக்கு முதல் தடவையா வந்துச்சு. 3.8ல கேட்ட அந்தச் சின்னக் கூட்டத்துக்கு மட்டும் கவலை இல்ல.

2015ஆம் வருஷமே இந்த விஷயத்துல ஒரு விசேஷமான வருஷம். ஏப்ரல்ல ஆப்பிள் தன்னோட ஐபோட்டோவையும் அப்பர்ச்சரையும் ஓரங்கட்டி, மேக்குக்கு ‘போட்டோஸ்’னு புதுசா ஒண்ணு விட்டுச்சு. ஐபோட்டோ 2002ல இருந்து இருந்தது. அதுல ஜனங்க வருஷக்கணக்கா ஒவ்வொரு படத்துக்கும் ஒண்ணுல இருந்து அஞ்சு நட்சத்திரம் போட்டு வெச்சிருந்தாங்க. புதுசுல நட்சத்திரமே கிடையாது. பழைய நட்சத்திரங்களைக் குறிச்சொல்லா மாத்திக் குடுத்தாங்க. படம் எடுத்த இடத்தைக் குறிக்கிற வசதியும் முதல்ல இல்ல. கத்தின கத்துல அந்த வருஷக் கடைசிக்குள்ள திரும்ப வந்துச்சு.

அதே வருஷம் அக்டோபர்ல அடோபி தன்னோட லைட்ரூம் 6.2ல, கேமரா கார்டுல இருந்து படம் இறக்கற பக்கத்தை ‘எளிமை’ பண்ணிச்சு. புதுசா வர்றவங்களுக்குக் கஷ்டமா இருக்காம். பண்ணினதுல, இறக்கி முடிச்சதும் கார்டைத் தானா விடுவிக்கிறது மாதிரி பழைய வசதிகள் சிலது காணாமப் போச்சு. ஒரு முகூர்த்தத்துக்கு எட்டு கார்டு மாத்தற கல்யாண ஃபோட்டோகிராபருக்கு அது சின்ன விஷயமா? போதாக்குறைக்கு மென்பொருளும் அடிக்கடி விழுந்துச்சு. ரெண்டு வாரம் கூட ஆகல, தயாரிப்பு மேலாளர் டாம் ஹோகார்ட்டி வெளிப்படையா மன்னிப்புக் கேட்டார். நவம்பர்ல பழைய பக்கமே திரும்பி வந்துடுச்சு.

கொஞ்ச வருஷம் முன்னாடி கூட இதே கூத்து நடந்துச்சு. 2024 செப்டம்பர்ல ஐபோனுக்கு வந்த ஐ.ஓ.எஸ். 18ல போட்டோஸ் செயலியைத் தலைகீழா மாத்தி, கீழே இருந்த பிரிவுகளை எடுத்துட்டு எல்லாத்தையும் ஒரே நீளப் பக்கமா ஆக்கினாங்க. ஒரு வருஷம் திட்டு வாங்கிட்டு, 2025 செப்டம்பர்ல ஐ.ஓ.எஸ். 26ல பிரிவுகளைத் திரும்பக் கொண்டு வந்தாங்க.

இதையெல்லாம் வரிசையா வெச்சுப் பாத்தா எனக்கு ஒண்ணு தோணுது. புதுப் பதிப்பு வந்தா ஜனங்க கத்தறதை, ‘மாத்தம்னாலே இவங்களுக்குப் பிடிக்காது’ன்னு ஒதுக்கிடறாங்க. அது சரியில்ல. பெரும்பாலும் கத்தறது கைப்பழக்கத்துக்காக. இருந்த இடத்துல பொத்தான் இல்ல, வழி மாறிடுச்சு. நியாயமான கோபம்தான். அதுக்குப் பலனும் இருக்கு. அடோபி ஒரு மாசத்துல வழிக்கு வந்துச்சு, ஆப்பிள் ஒரு வருஷத்துல.

ஆனா நாம போட்ட உழைப்பு எங்க எழுதப்படுதுங்கறதுக்கு யாரும் பெருசா கத்தல. ஏன்னா புதுப் பதிப்பு வர்ற அன்னைக்கு அது கண்ணுக்கே தெரியாது. 3.5ஐப் புகழ்ந்த நாங்க யாரும் பொய் சொல்லல. நல்ல மென்பொருள்தான். பேர் போட்டா அழகா அடுக்குச்சு. அதோட உண்மையான மதிப்பு, மென்பொருள் போனப்புறம்தான் தெரியும். பொத்தான் போனா அடுத்த பதிப்புல வரும். ஆயா சொன்ன பேர் எந்தப் பதிப்புலயும் வராது.

இன்னைக்கும் நிலைமை பெருசா மாறிடல. கூகுள் போட்டோஸ் மூஞ்சியைக் கண்டுபிடிக்கறதுல பிகாசாவைத் தூக்கிச் சாப்பிட்டுடும். ஆனா அங்க போட்ட பேர் ஃபைலுக்குள்ள எழுதப்படறது இல்ல. மொத்தமா இறக்கிக்கிட்டா, படம் தனியா, விவரம் ஜேசன் ஃபைலாத் தனியா வரும். யாராவது ஒருத்தர் ஜேபெக்கை மட்டும் காப்பி பண்ணி திருப்தியா ஃபார்மேட் அடிப்பார். 2013ல நான் அடிச்ச மாதிரி.

இப்போ நான் டிஜிகேம் வெச்சிருக்கேன். 2001ல ரெஞ்சி ராஜுங்கறவர் ஆரம்பிச்ச கட்டற்ற மென்பொருள், இன்னும் தன்னார்வலர்கள் வளர்த்துக்கிட்டு வர்றாங்க. தோற்றத்துல பிகாசா அழகு கிடையாது. பட்டியலுக்குள்ள பட்டியல், முதல் வாரம் தலை சுத்தும். மச்சான்கிட்ட காட்டினேன், “லாரி ஓட்டற மாதிரி இருக்கு மாப்ள”ன்னான். ஆனா அமைப்புகள்ல சொல்லி வெச்சா தலைப்பு, மூஞ்சிப் பேர், குறிச்சொல் எல்லாத்தையும் படத்துக்குள்ளயே எழுதிடுது. நாளைக்கு டிஜிகேமே இல்லாமப் போனாலும் படம் தன் பேரைத் தானே சொல்லும்.

ஊர்ப் பேரையும் அங்கயே எழுதி வெக்கிறேன். முத்திரையில ‘வட ஆற்காடு’ன்னு இருந்தா அப்படியேதான். 1989ல அந்த மாவட்டத்தைப் பிரிச்சாங்க. அப்புறம் வேலூர் மாவட்டம்னு ஆச்சு. 2019ல அதையும் பிரிச்சு ராணிப்பேட்டை ஒரு மாவட்டம், ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துல, காட்பாடி வேலூர்லயே. இன்னைக்கு மென்பொருள்கிட்ட இடம் கேட்டா இன்னைக்கு இருக்கற பேரைத்தான் சொல்லும். 1967ல அந்த முத்திரையைக் குத்தினவர் எந்த ஊர்ல நின்னாருங்கறதை அட்டைதான் சொல்லும்.

டிஸ்க் கிடைச்ச மறுநாள், அந்த குரூப் ஃபோட்டோவை ஸ்டூடியோவுல பெருசா பிரிண்ட் போட்டேன். அண்ணன் இப்போ இல்ல, பையன் பாத்துக்கறான். ஞாயித்துக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கிட்டு ராணிப்பேட்டை போனோம். தாத்தாவோட வேலை செஞ்சவர் ஒருத்தரோட மகன் அங்க இருக்கார். அவருக்கே எழுபத்தஞ்சு இருக்கும். கண்ணாடியை ஏத்தி இறக்கி ரொம்ப நேரம் பாத்தார். “இது எங்க நைனா”ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, நாற்காலிக்குப் பின்னாடி நிக்கறவரைக் காட்டி இன்னொரு பேர் சொன்னார். அப்பா தலையாட்டினார், அவருக்கும் இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாம். அதுக்கு மேல தெரியல.

அஞ்சு இப்போ ஏழு ஆயிருக்கு. ஃபைலுக்குள்ள ஏத்தியாச்சு. பிரிண்டுக்குப் பின்னாடியும் அப்பா பென்சில்ல எழுதிட்டார், இடமிருந்து வலமா, தெரியாத இடத்துல கோடு போட்டு.

ஏழு கோடு இருக்கு.

பி.கு: ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு பக்கம் 1960கள்ல தோல் ஷாப்புல வேலை பாத்த பெரியவங்க உங்க வீட்டுல இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க மக்களே, படத்தோட நேர்ல வர்றேன். அப்படியே உங்க வீட்டு ஆயாகிட்ட பழைய ஆல்பத்தைக் குடுத்து, பக்கத்துல ஒரு பென்சிலோட உக்காருங்க. மென்பொருள் அப்புறம் பாத்துக்கலாம்.